முறுக்காமல் வைத்த பொட்டு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று பயிற்சித் துறையிலிருந்து போன் செய்தார்கள். பேச ஆரம்பித்தால் நான் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வருகிற ஆள். பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள், மீதிப் பேர் போனை நோண்டுவீர்கள். எழுதித் தருகிறேன், டீ நேரத்தில் படித்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். ரிட்டையர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டில் என் பேச்சைக் கேட்க யாருக்கும் பொழுதில்லை. அதனால் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

இன்ஜினை எப்படிக் கோர்ப்பது என்று சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறார்கள், சுவரில் படமும் மாட்டியிருக்கிறார்கள். நான் எழுதப்போவது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. சர்வீஸில் தப்பு நிறையச் செய்திருக்கிறேன். பலவற்றை நினைத்தால் இப்போது சிரிப்புதான் வருகிறது. இந்த ஒன்று மட்டும் ஒரு மனுஷனின் உயிரை வாங்கியிருக்கும். வாங்கவில்லை என்பதால்தான் நிம்மதியாக உட்கார்ந்து எழுத முடிகிறது.

முதலில் பொட்டு. ஒரு போல்ட்டை டார்க் ரெஞ்சால் முறுக்குகிறோம். போதுமான இறுக்கம் வந்ததும் ரெஞ்ச் 'டக்' என்று சத்தம் போடுகிறது. உடனே அந்த போல்ட்டின் தலையில் பெயிண்ட் மார்க்கரால் ஒரு புள்ளி வைக்கிறோம். ஆபீஸில் அதற்கு நீளமாக ஒரு ஆங்கிலப் பெயர் வைத்திருக்கிறார்கள். லைனில் அதற்குப் பொட்டு என்றுதான் பெயர். "பொட்டு வெச்சாச்சா?" என்றால் முறுக்கியாச்சா என்று அர்த்தம். பொட்டு இருக்கிற போல்ட்டை அடுத்த ஆள் தொட மாட்டான். அவனுக்கு அடுத்த ஆளும் தொட மாட்டான். வண்டியை வாங்கிக்கொண்டு போகிறவர் அப்படி ஒன்று இருப்பதையே பார்க்க மாட்டார்.

நான் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்தபோது, சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் நாலு போல்ட்டுக்கும் முதலில் பொட்டு வைத்துவிட்டு அப்புறம் முறுக்கினேன். முறுக்கத்தான் செய்தேன், விட்டுவிடவில்லை. பின்னால் நின்றிருந்த ஃபோர்மேன் அதைப் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மார்க்கரை என் கையிலிருந்து வாங்கி என் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். "போய்ட்டு வா. நீ ஓகே ஆயிட்ட. இனிமே உன்ன யாரும் செக் பண்ண மாட்டாங்க" என்றார். அந்த வெள்ளைப் பெயிண்ட் இரண்டு நாளைக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாதிரியார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இப்படிப் பாடம் படித்தவன்தான் பிறகு இந்த ஒரகடம் ஆலையில் குரூப் லீடர் ஆனேன். அப்படியிருந்தும் செய்தேன் என்பதுதான் விஷயம்.

ரிட்டையர் ஆக நான்கு மாதம் இருந்தது. ஜப்பானில் நம் தலைமையகத்தில் பழைய வண்டிகளை வைத்திருக்கும் ஒரு கூடம் உண்டு. அங்கிருந்து ஒரு நான்கு சிலிண்டர் மோட்டார் சைக்கிளை ஒரு மாதத்துக்கு நம் ஆலைக்கு அனுப்பினார்கள். நம் ஆட்கள் கம்பெனியின் வேரைக் கண்ணால் பார்க்கட்டும் என்று யாருக்கோ நல்ல எண்ணம். வண்டிக்குக் கிட்டத்தட்ட என் வயது. என்னைவிட நன்றாகவே இருந்தது.

மரப்பெட்டியைப் பிரித்தபோது அந்த ஷிப்டில் பாதிப் பேர் அங்கேதான் நின்றோம். நாம் இங்கே செய்வதெல்லாம் ஒரு சிலிண்டர், ஒரு புகைக்குழாய். இதில் நான்கு சிலிண்டர்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு குறுக்கே நிற்கின்றன. முன்னாலிருந்து நான்கு குழாய்கள் இறங்கி, பக்கத்துக்கு இரண்டாகப் பிரிந்து பின்னால் ஓடுகின்றன. அந்தக் காலத்தில் நாலு சிலிண்டர் வண்டியைப் பந்தய மைதானத்தில் பார்க்கலாம், இல்லையென்றால் பெரும் பணக்காரர் வீட்டு வாசலில் பார்க்கலாம். சின்ன வண்டிகள் செய்துகொண்டிருந்த நம் கம்பெனி, பந்தயத்தில் அடிபட்டுக் கற்றதையெல்லாம் கொண்டுவந்து, காலையில் ஆபீசுக்குப் போகிறவர் பட்டனை அழுத்திக் கிளப்புகிற மாதிரி இதைச் செய்தது. பெரிய வண்டி என்றால் நிற்கிற இடத்தில் எண்ணெய் சொட்டத்தான் செய்யும் என்று உலகமே ஒத்துக்கொண்டிருந்த காலம் அது. சொட்டாமலும் செய்யலாம் என்று இவர்கள் காட்டினார்கள். எப்படி என்று கேட்டால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு போல்ட்டையும் அளவோடு முறுக்கினார்கள், ஒவ்வொன்றுக்கும் முறுக்கியவர் ஒரு பொட்டு வைத்தார்.

அந்தப் பொட்டுகள் இந்த வண்டியில் அப்படியே இருந்தன. விற்பனைக்குப் போகாமல் கம்பெனியிலேயே நின்றுவிட்ட வண்டி, அதிகம் ஓடாதது. மஞ்சள் பெயிண்ட் மங்கிப் பழுப்பாகியிருந்தது. ஒன்று நீளமாக, ஒன்று குண்டாக, ஒன்று காற்புள்ளி மாதிரி வால் வைத்து. இரண்டு மூன்று பேரின் கை அது என்று பார்த்தாலே தெரியும். நான் போனில் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன்.

வண்டியோடு ஒரு காகிதம் வந்திருந்தது. தொழிற்சாலையில் போட்ட குறிகளை அழிக்கக் கூடாது என்று அதில் ஒரு வரி. நான் படித்தேன். படம் எடுத்தவன் நான், காகிதத்தைப் படித்தவனும் நான். இரண்டையும் என் மண்டை சேர்த்துப் பார்க்கவில்லை. குறி என்றால் ஸ்டிக்கர், நம்பர் என்று எடுத்துக்கொண்டேன். "ஸ்டிக்கர் மட்டும் கிழியாம பாத்துக்கோங்க" என்று நம் ஆட்களிடம் சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் ஆயுதபூஜை. நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன், ஆனால் ஆயுதபூஜைப் பொரி-கடலை கமிட்டியில் என்னைக் கேட்காமல் ஒன்றும் நடக்காது. பூஜை அன்று மெஷின்களைத் துடைத்துப் பொட்டு வைக்கும்போது, வந்திருக்கிற விருந்தாளி வண்டியை மட்டும் விட்டுவிட முடியுமா? அதைத் துடைக்கிற வேலையை இசக்கியம்மாளிடம் கொடுத்தேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், அப்போது இருபத்தொன்பது வயது. வடக்குப்பட்டில் ஒரு ஹாஸ்டல் அறையில் ஆறு பேரோடு இருந்தாள். கான்ட்ராக்டில் நான்காவது வருஷம். அவள் கை பட்ட வேலையில் திரும்பப் பார்க்க ஒன்றும் இருக்காது, அதனால்தான் அவளிடம் கொடுத்தேன்.

அவள் பெயிண்டைக் கரைக்கிற தின்னரும் பழைய டூத்பிரஷும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆலைச் சங்கு ஊதும்போது வண்டி கண்ணாடி மாதிரி இருந்தது. சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் எல்லாம் முறையாக வைத்தோம். பொரி தின்றோம். இரண்டு நாள் லீவு.

வெள்ளிக்கிழமை காலையில் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். ஒரு போல்ட்டில்கூடப் பழைய பொட்டு இல்லை.

மறுநாள் சனிக்கிழமை ஜப்பானிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. தலைமையகத்தில் ரிட்டையர் ஆனவர். இளவயதில் இந்த இன்ஜினைக் கோர்த்த முதல் லைனில் நின்றவர்களில் ஒருவர். பெயருக்குப் பின்னால் 'சான்' சேர்த்துக் கூப்பிடுவது அவர்கள் மரியாதை என்பதால், லைனில் நம் ஆட்கள் அவருக்கு வருவதற்கு முன்பே 'பெரிய சான்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் வந்து வண்டியைப் பார்ப்பார், பிறகு தானே ஓட்டிக்கொண்டு நம் டெஸ்ட் டிராக்கைச் சுற்றிவருவார், நாம் எல்லோரும் கை தட்டுவோம் என்று நிகழ்ச்சி.

இசக்கியைக் கூப்பிட்டேன்.

"இன்னாமா இது? இந்த போல்ட்டுல இருந்த மஞ்சள் எங்க?"

"தொடச்சிட்டேன் சார்."

"ஏம்மா தொடச்ச?"

"அது பழைய பூசை மஞ்சள்னுல்லா சார் நெனச்சேன். கப்பல்ல இருந்து எறக்கும்போது யாரும் பூசை போட்டுருப்பாங்க, அந்த மஞ்சள் காஞ்சி கெடக்குன்னு நெனச்சேன். பழசத் தொடச்சிட்டுத்தான புதுசு வைக்கணும்?"

அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நம் லைனில் வெள்ளைப் பெயிண்ட். மங்கிய மஞ்சளைப் பார்த்தால் நம் ஊரில் யாருக்கும் பூசைதான் ஞாபகம் வரும். படித்துச் சொல்ல வேண்டியவன் நான். அவள் முகம் வெளுத்திருந்தது. பயம் என்று நினைத்தேன். பயம்தான், ஆனால் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மேனேஜரிடம் போனேன். சென்னைக்காரர், என்னைவிட இருபது வயது சின்னவர், கெட்ட மனுஷர் இல்லை. மறுநாள் நிகழ்ச்சி முழுக்க அவர் தலையில். நாற்காலியிலிருந்து எழுந்து கதவைச் சாத்தினார்.

"அந்தோணி சார், டென்ஷன் ஆகாதீங்க. மஞ்சள் மார்க்கர் ஸ்டோர்ல டஜன் கணக்கா இருக்கு. உங்க போன்ல போட்டோ இருக்குல்ல, அதப் பாத்து வெச்சிடுங்க. பழைய பொட்டா புதுப் பொட்டான்னு யாரு நோண்டிப் பாக்கப் போறாங்க?"

"அது எப்டி சார், முறுக்காத போல்ட்டுக்கு..."

"அதெல்லாம் எப்பவோ முறுக்கினதுதானே சார்? பொட்டுதானே போச்சு, போல்ட் போகலையே. நீங்க சொல்லலைன்னா நானும் சொல்லல. சொன்னீங்கன்னு வைங்க, எழுத்துல போகும். எழுத்துல போனா அந்தப் பொண்ணு பேருதான் போகும். மாசக் கடைசில அவ கான்ட்ராக்ட் ரினியூவல் வருது. யோசிங்க."

யோசித்தேன். யோசித்து ஒத்துக்கொண்டேன். அவளுக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி அவளுக்காக. மீதிப் பாதி, நான்கு மாதத்தில் எனக்குப் போடப்போகிற மாலையும் சால்வையும் கண்ணில் தெரிந்ததற்காக. இதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் விட்டால் மீதியை எழுதிப் பிரயோஜனமில்லை.

மஞ்சள் மார்க்கரை வாங்கிக்கொண்டு வண்டிக்கு முன்னால் குந்தினேன். ஒரு கையில் போன், ஒரு கையில் மார்க்கர். இசக்கி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். போகச் சொன்னேன், போகவில்லை. ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தேன். இன்ஜினுக்கு முன்பக்கம், நாலு குழாய்களுக்கு நடுவில், ஆயில் ஃபில்டர் மூடியைப் பிடித்துக்கொண்டு ஒற்றையாக ஒரு பெரிய போல்ட் இருக்கும். அதற்கும் வைத்தேன்.

"சார்," என்றாள். "இதுல பொட்டு வச்சாச்சுன்னா, இனிமே யாரும் இதுல ஸ்பேனர் போட மாட்டாங்கல்லா?"

"போட மாட்டாங்கம்மா. நீ பயப்படாத."

ஆறுதல் சொல்லிவிட்டோம் என்று நான் அடுத்த போல்ட்டுக்குப் போனேன்.

பதினோரு பொட்டு வைத்தேன். பன்னிரண்டாவதுதான் அந்த வால் வைத்த பொட்டு. போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். யாரோ ஒருவர் வேகமாக வைத்துவிட்டுக் கையை எடுக்கும்போது இழுபட்டுப்போன வால். இடது கைக்காரராகவும் இருக்கலாம். அந்த வாலை வரவைக்க ஒரு தகரத் துண்டில் ஏழெட்டு முறை பழகிப் பார்த்தேன். வரவில்லை. அப்போதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. முன்பின் தெரியாத ஒரு தொழிலாளியின் கையெழுத்தைத் திருட்டுத்தனமாகப் போடப் பழகிக்கொண்டிருக்கிறேன். அவரும் என்னை மாதிரி டிபன் பாக்ஸோடு ஷிப்டுக்கு வந்து நின்றவர். மார்க்கரை மூடிப் பையில் போட்டுக்கொண்டேன். மீதி நாளைக்கு என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

சனிக்கிழமை காலை தூறல். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தன் மகள் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். தலையாட்டிக்கொண்டே வந்தேன், ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று மாற்றி மாற்றி யோசித்தேன். நல்ல முடிவு ஒன்றும் வரவில்லை. ஆலைக் கேட்டில் இறங்கும்போது, சொல்லிவிட்டு என்ன ஆகிறதென்று பார்ப்போம் என்று மட்டும் தோன்றியது. அதை வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். சுமக்க முடியவில்லை, இறக்கி வைக்கப் போனேன்.

பெரிய சான் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். குள்ளமான ஆள், தலையில் தொப்பி, பழைய கம்பெனி ஜாக்கெட். மொழி பெயர்க்க ஒரு பெண்ணை மேனேஜர் ஏற்பாடு செய்திருந்தார். வண்டியைக் கண்டதும் கிழவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. முட்டி போட்டு இன்ஜினுக்குள் கண்ணை நுழைத்தார். சிரிப்பு மெல்ல நின்றது. கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

நான் முன்னால் போய் நின்றேன். மேனேஜர் கண்ணால் வேண்டாம் என்றார்.

"ஐயா, பழைய பொட்டையெல்லாம் நாங்க தொடச்சிட்டோம். எங்க பூஜைக்கு வண்டிய சுத்தம் பண்ணோம். அழிக்கக் கூடாதுன்னு காயிதத்துல இருந்தத நான் சரியா படிக்கல. இப்ப இருக்கறதுல பதினொண்ணு நேத்து நான் வெச்சது. முறுக்கிப் பாக்காம வெச்சேன்."

அந்தப் பெண் என்னைத் திகைத்துப் பார்த்துவிட்டு, மெல்ல, ஒவ்வொன்றாக ஜப்பானிய மொழியில் சொன்னார். பெரிய சான் பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினார். யார் துடைத்தது என்று கேட்பார், நான்தான் என்று சொல்லிவிடலாம் என்று தயாராக நின்றேன். அவர் அதைக் கேட்கவே இல்லை.

"அந்தப் பதினொன்றையும் அழித்துவிடச் சொல்கிறார்" என்றார் அந்தப் பெண்.

தின்னர் வந்தது. கிழவர் பார்த்துக்கொண்டிருக்க, நான் வைத்த பொட்டுகளை நானே அழித்தேன். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொன்றாகப் போகப்போக மூச்சு லேசாகிக்கொண்டே வந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

அழித்து முடித்ததும் அடுத்த கேள்வி வந்தது. "துடைக்கும்போது எந்த போல்ட்டிலாவது ஸ்பேனர் பட்டதா?"

"இல்லை," என்றேன். சட்டென்று, உறுதியாக. யாரையும் கேட்காமல். ஒரு பொய்யை அழித்த கை காய்வதற்குள் தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி சொன்னேன். ஆண்டவர் என்னை அப்படித்தான் படைத்திருக்கிறார்.

"பட்டுச்சி சார்."

பின்னால் இசக்கி. எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

"அந்தப் பெரிய போல்ட்டுல. தொடைக்கும்போது வேஸ்ட்டுத் துணி நூலு வாஷருக்கு அடியில மாட்டிக்கிட்டு. நூல எடுக்க அர சுத்து லூஸ் பண்ணேன் சார். கையால திருப்பி வச்சிட்டு, டார்க் ரெஞ்ச் எடுத்துட்டு வந்து முறுக்குவோம்னு எந்திரிச்சேன். அதுக்குள்ள சங்கு ஊதிட்டாங்க, பூசைக்குக் கூப்ட்டாங்க. மறந்துட்டேன். வெள்ளிக்கெழம நீங்க கூப்ட்டப்பதான் நெனப்பு வந்துச்சி."

வெள்ளிக்கிழமை அவள் கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பொட்டைப் பார்த்துவிட்டு இனி யாரும் அதை முறுக்க மாட்டார்களே என்ற பயத்தில் கேட்டிருக்கிறாள்.

பெரிய சான் ரெஞ்சைக் கேட்டு வாங்கினார். அந்த போல்ட்டில் மாட்டி மெல்லத் திருப்பினார். போல்ட் திரும்பியது. முறுக்கிய போல்ட் அப்படித் திரும்பாது. ரெஞ்சின் கைப்பிடி எங்கள் கண்ணெதிரே இறங்கிக்கொண்டே போனது, 'டக்' சத்தம் வரவில்லை. நடுவில் நிறுத்திவிட்டு அவர் நிமிர்ந்து பார்த்தார். மேனேஜர் பக்கத்திலிருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அது ஆயில் ஃபில்டர் மூடியின் போல்ட், என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். வண்டி நிற்கும்போது ஒன்றும் ஆகாது, ஒரு சொட்டுகூட வராது. கிளப்பி வேகம் எடுத்தால் எண்ணெய் அழுத்தத்தோடு பீய்ச்சும், காற்றில் பின்னால் போய்ப் பின் டயரில் விழும். வெளியே டிராக் தூறலில் நனைந்து கிடக்கிறது. ஓட்டப்போகிறவருக்கு எழுபதுக்கு மேல் வயது. பத்து மணிக்கு அவர் கிளம்ப வேண்டும், அப்போது மணி ஒன்பதரை. அந்த போல்ட்டில் என் மஞ்சள் பொட்டு பத்து நிமிஷத்துக்கு முன்புவரை இருந்தது.

பெரிய சான் ரெஞ்சைக் கழற்றினார். கழற்றி இசக்கியிடம் நீட்டினார். அவள் என்னைப் பார்த்தாள். வாங்கிக்கொள் என்று தலையை ஆட்டினேன். அவள் குந்தி உட்கார்ந்து, ரெஞ்சை மாட்டி, நம் லைனில் எப்படிச் செய்வாளோ அப்படியே நிதானமாக இழுத்தாள். டக். அவளே பையிலிருந்து நம் வெள்ளை மார்க்கரை எடுத்துப் பொட்டு வைத்தாள். கிழவர் அதைக் குனிந்து பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். "மஞ்சள் அவர்களுடையது, வெள்ளை உங்களுடையது, அப்படியே இருக்கட்டும் என்கிறார்" என்றார் அந்தப் பெண். மற்ற போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. நிகழ்ச்சி ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. பெரிய அதிகாரிகள் ஷாமியானாவுக்கு அடியில் காபி குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். மேனேஜர் போய் அவர்களிடம் என்ன சொன்னாரோ தெரியாது.

நான்கு சிலிண்டரும் ஒன்றாகப் பிடித்ததும் வந்த சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. நம் வண்டி சத்தம் எண்ணிவிடலாம் போலத் தனித்தனியாகக் கேட்கும். இது ஒரே சீராக, துணியைக் கிழித்துக்கொண்டே போவதுபோல இருந்தது. கிழவர் தொப்பியைக் கழற்றி ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கிளம்பினார். மெல்லத்தான் போவார் என்று நினைத்தோம். முதல் வளைவு தாண்டியதும் மனுஷர் முறுக்கினார் பாருங்கள். கைதட்டல் கேட்டது. நான் தட்டவில்லை. பின் டயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று சுற்று. எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் ஓடி முடிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருந்தது.

வந்து நிறுத்தினார். ஸ்டாண்டு போட்டுவிட்டு, கை குலுக்க வந்த அதிகாரிகளைத் தாண்டி வண்டிக்குப் பின்னால் போனார். குனிந்து டயரின் பக்கத்தை உள்ளங்கையால் தடவினார். பிறகு இசக்கி நின்ற இடத்துக்கு வந்து கையை விரித்துக் காட்டினார். மழைத் தண்ணீர் இருந்தது, கொஞ்சம் மண் இருந்தது. எண்ணெய் இல்லை. அவள் அழுதுவிட்டாள். எனக்கும் கண் நிறைந்தது. மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது என்று நம்புகிறேன்.

அவள் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. மேனேஜர் ரிப்போர்ட் எழுதினார், எழுதும்போது பொட்டை மறுபடி வைக்கச் சொன்னது தான்தான் என்று தன் பெயரையே போட்டார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. அவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், எனக்கு ஒன்று. மாசக் கடைசியில் இசக்கியின் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்பட்டது. எனக்கு மாலையும் சால்வையும் கிடைத்தன. வண்டி பத்திரமாகக் கப்பலேறியது.

உங்களில் பலர் நாளைக்கு லீடர் ஆவீர்கள். உங்களுக்குக் கீழே பத்துப் பேர் நிற்பார்கள். அதற்காகத்தான் இந்தக் கடைசி விஷயத்தையும் எழுதுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கேன்டீனில் இசக்கிக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். எல்லாம் நல்லபடியாக முடிந்த தெம்பில், கொஞ்சம் உரிமையாகவே கேட்டேன்.

"ஏம்மா, வெள்ளிக்கெழமையே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"சொல்லணும்னுதான் சார் பக்கத்துலயே நின்னேன். போகச் சொன்னீங்க, அப்பவும் நின்னேன். அதுக்குள்ள நீங்க அதுல பொட்டு வச்சிட்டீங்க. நீங்களே வச்ச பொறவு, அது லூசுன்னு நான் எப்படி சார் சொல்ல?"